செட்டிநாட்டுக்கு யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள்

காரைக்குடிக்குப் பக்கத்தில், கானாடுகாத்தானில் பெரிய செட்டியார் வீடு ஒன்றைச் சுற்றிக் காட்டுகிறவரின் பின்னாலேயே ஒரு நாள் நடந்து பாருங்கள். காலையில் பிரெஞ்சுக் குழு வரும். அவர்களிடம் சுவரைப் பற்றியே அரைமணி நேரம் பேசுவார். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி என்று வரிசையாக. மத்தியானம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம். எந்த நடிகர் எந்தத் தூணில் சாய்ந்து நின்றார் என்பது அவர்களுக்கு வேண்டும், அதுவும் தயாராக இருக்கும். சாயங்காலம் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வயதான தம்பதி வந்தால் சுவரும் கிடையாது, சினிமாவும் கிடையாது. எடுத்த எடுப்பில் "நீங்க எந்தக் கோயில், எந்த ஊரு?" என்று இவர்தான் கேள்வி கேட்பார். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் குலக்கோயில்களில் இளையாத்தங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா என்று தெரிந்துவிட்டால் அப்புறம் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

வீடு ஒன்றுதான். அதைப் பற்றி அவர் மனதில் வைத்திருப்பது மட்டும் மூன்று வகை. அந்த மூன்றையும் அவருக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. வந்தவர்கள் கேட்டார்கள், பதில் தெரியாமல் நின்றார், வீட்டுக்காரரிடமோ கொத்தனாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டார். செட்டிநாட்டில் சுற்றுலா பற்றிய அறிவு இப்படித்தான் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கேட்கப்பட்டது தங்கியது. யாரும் கேட்காதது, எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தாலும், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

நான் காரைக்குடிக்காரன். வழிகாட்டி என் தொழில் அல்ல. பயண ஏற்பாடு செய்யும் நண்பர் ஒருவருக்குக் கூட்டம் அதிகமான நாட்களில் ஒத்தாசைக்குப் போவேன். அதனால் நான் இங்கே எழுதுவது ஆராய்ச்சி கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்தது, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் காரைக்குடி லாட்ஜுகளில் தங்கியவர்கள் வேறு மாதிரி. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு வருகிற விஞ்ஞானிகள், அழகப்பா கல்லூரிகளில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போகிறவர்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள், ஷூட்டிங் யூனிட். இவர்களில் யாரும் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் கிடையாது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பார்கள், முடிந்ததும் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ கோலாலம்பூருக்கோ போய்விடுவார்கள். காவலுக்கு ஒரு குடும்பம் இருக்கும். செட்டியார்கள் பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று போய் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும், பின்னால் பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியதும் வருமானத்தின் அடியை அறுத்துவிட்டன. அதற்கப்புறம் அந்த வீடுகளைப் பற்றி ஊரில் பேசிய பேச்சு இரண்டுதான்: பங்காளித் தகராறு, இடித்தால் தேக்கு என்ன விலை போகும்.

இரண்டாவது பேச்சுக்கு ஒரு தெருவே சாட்சி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீட்டின் கதவு, நிலை, தூண், எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி எல்லாம் அங்கே வந்து சேரும். அந்தக் கடைக்காரர்களைப் போல வாங்குகிறவரைப் படித்தவர்கள் இந்த வட்டாரத்தில் இல்லை. வெளிநாட்டுக்காரர் எனாமல் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் முத்திரை பார்ப்பதைக் கண்டு இவர்களும் கவிழ்த்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஸ்வீடன் என்றால் ஒரு விலை, ஜப்பான் என்றால் ஒரு விலை. பெங்களூரில் ஓட்டல் அலங்காரம் செய்கிறவர்கள் வரத் தொடங்கியதும் முத்திரையை விட நிறம் முக்கியமாகிவிட்டது. சரி, அதையும் கற்றுக்கொண்டார்கள்.

1990-களின் இறுதியில் காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் தங்கள் குடும்பத்துப் பங்களாவை விருந்தினர் விடுதியாக்கினார். 'பங்களா' என்றே பெயர். அங்கே வந்தவர்கள் முதலில் கவனித்தது சாப்பாட்டை. வாழையிலையில் வரிசையாக வந்ததை ஒவ்வொன்றாக "இது என்ன?" என்று கேட்டார்கள். பிறகு கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்று வீடுகள் விடுதிகளாயின. சாரதா விலாஸைச் சீர்படுத்தியவர்கள் பெர்னார்ட் டிராகோன், மிஷேல் அட்மோன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள். விருந்தாளியாக வந்தவர்கள் வீட்டுக்காரர்களாகத் தங்கிவிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்த ஊருக்கும் பொருத்தம் விழுந்ததற்கு வழித்தடம் ஒரு காரணம். பாண்டிச்சேரியில் தொடங்கித் தஞ்சாவூர் பார்த்து மதுரை வழியாகக் கேரளா இறங்குகிற பயணத்தில், தஞ்சைக்கும் மதுரைக்கும் நடுவே இரவு தங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. தங்க வந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்தவர்கள் கேட்டார்கள். ஏன் ஒரே வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது? ஏன் முகப்பு இவ்வளவு உயரத்தில் இருக்கிறது? ஏன் வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள், அதில் ஏன் யாரும் படுப்பதில்லை? கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, அது ஒரு புள்ளியின், அதாவது ஒரு தனிக் குடும்பத்தின், உடைமை, சாமான் வைக்கத்தான் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வேண்டிய நிலை அதுவரை வரவில்லை.

இந்தக் கேள்விகளின் பலன் பேச்சோடு நிற்கவில்லை. பழைய வீட்டை விடுதியாக்க வேண்டுமென்றால் சுவரைப் பழையபடி பூச வேண்டும். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே ஈரம் தங்கிப் பெயர்ந்து வரும். சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி, கடைசியில் கூழாங்கல்லால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி கொண்டுவருகிற வேலை தெரிந்த கொத்தனார்கள் அப்போது வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். தேடிப்பிடித்து அழைத்து வந்தார்கள். அவர்கள் கையிலிருந்து அடுத்த தலைமுறை கொஞ்சம் பேர் கற்றுக்கொண்டார்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னத்துக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்ந்ததற்கும் அந்தக் காலத்தில் வீடுகளை ஆவணப்படுத்திய வேலைதான் அடித்தளம். பட்டியலில் சேர்ந்ததால் இடிப்பது நின்றுவிடவில்லை என்பது வேறு கதை.

இதில் ஒரு கோணல் உண்டு. வியந்து பார்க்க வந்தவர்களுக்கு வியப்பைத் தந்தாக வேண்டும் இல்லையா? அதனால் எண்கள் வளர ஆரம்பித்தன. ஒரே வீட்டுக்கு ஒருவர் ஆயிரம் சன்னல் என்பார், இன்னொருவர் கூடுதலாகச் சொல்வார். சுவருக்கு ஊற்றிய முட்டைக் கணக்கு வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. வெள்ளைக்கரு சேர்த்தது உண்மை. ஆனால் சிலர் சொல்லும் கணக்குக்கு இராமநாதபுரம் சீமைக் கோழிகள் மொத்தமும் வேறு வேலை பார்த்திருக்க முடியாது. அறிவு சேர்வது போலவே கதையும் சேர்கிறது. இரண்டையும் சேர்த்து வளர்ப்பது ஒரே விருந்தாளிதான்.

சமையலில் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும் விடச் சுவாரசியம். செட்டிநாட்டுச் சமையல் கைக்கணக்கு. "எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டால் சமையல்காரர் உள்ளங்கையைக் குழித்துக் காட்டுவார். வெளிநாட்டு விருந்தாளிகள் சமையலைக் கற்றுக்கொள்ள விரும்பியதும் அந்தக் கையைத் தராசில் வைக்க வேண்டியதாயிற்று. ஒரு விடுதியில் பார்த்தேன்: சமையல்கார அண்ணன் வழக்கம்போல மல்லி, சோம்பு, மிளகாயை அள்ளிப்போடுவார், பக்கத்தில் ஒரு பெண் அதைப் போடுவதற்கு முன்னால் பிடுங்கி எடை போட்டுக் குறித்துக்கொள்வார். அண்ணனுக்கு எரிச்சல். "அளந்து போட்டா ருசி அளவாத்தான் இருக்கும்" என்றார். ஆனால் அந்தக் குறிப்பு அவருடைய வேலையையே மாற்றிவிட்டது. அவர் லீவு போட்டாலும் குழம்பு அதே மாதிரி வந்தது. அதில் அவருக்கு வருத்தமா நிம்மதியா என்று எனக்குத் தெளிவாகவில்லை.

காரத்தைக் குறைத்ததும் அந்தக் காலம்தான். குறைத்தபோது ஒன்று வெளியே வந்தது. வீட்டுச் சமையலில் பாதிக்குமேல் காரமே கிடையாது. வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம், உக்காரை, பர்மாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட கவுனி அரிசி, அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் மண்டி. இதெல்லாம் மெனுவில் ஏறியது காரம் தாங்காத விருந்தாளிகளின் புண்ணியம்.

அப்புறம் நம் ஊர் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குச் செட்டிநாடு என்றால் சிவக்கச் சிவக்க, மிளகும் மிளகாயும் மூக்கில் ஏறுகிற கோழி. அது ஊரெல்லாம் உள்ள 'செட்டிநாடு' ஓட்டல்கள் கற்றுக்கொடுத்த ருசி. இங்கே வந்து உப்பு வறுவலைச் சாப்பிட்டுவிட்டு "இது செட்டிநாடு மாதிரி இல்லையே" என்று செட்டிநாட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். சில விடுதிகள் உடனே இறங்கிவந்து கோழியில் நிறத்தை ஏற்றின. தொழில் நடக்க வேண்டுமே. சிலர் இரண்டையும் பரிமாறி வித்தியாசத்தைச் சொன்னார்கள். இரண்டாவது வழியில் போனவர்களிடம் வந்த ஆட்கள் திரும்பவும் வந்தார்கள் என்று என் நண்பர் சொல்கிறார்.

2020 மார்ச்சில் வெளிநாட்டு வரத்து அப்படியே நின்றது. நவம்பர் முதல் மார்ச் வரை சீசன், கோடையில் தூங்குவது என்று பழகிய ஊர் அது. ஊரடங்கு தளர்ந்ததும் காரில் வந்து இறங்கியவர்கள் சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர்க்காரர்கள். சனிக்கிழமை மத்தியானம் வந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்புகிறவர்கள். பொங்கல், பூஜை விடுமுறை, மே மாதம் என்று காலண்டரே மாறிப்போனது. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட், ரீல்ஸ், மூன்று மணி நேர வாடகை, டிரோனுக்குத் தனிக் கட்டணம். புதுமை என்று கேட்டால் இதுவும் புதுமைதான். வளவின் தூண் வரிசைக்கு எந்த நேரத்து வெயில் நன்றாக விழும் என்று இன்றைக்குக் காவல்காரர் மகனுக்கு அத்துப்படி.

இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. வெள்ளைக்காரன் மாதிரி ரசிக்கத் தெரியவில்லை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தங்கும் நேரம் குறைந்ததில் நஷ்டம் உண்டு. மூன்று இரவு தங்கியவர் கேட்ட கேள்விகளை ஓர் இரவு தங்குகிறவர் கேட்க மாட்டார். ஆனால் தமிழ் பேசுகிறவர்கள் வந்ததில் வேறொரு கதவு திறந்தது. அதற்கு முன்னால் விருந்தாளிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசும் ஒரு வழிகாட்டி நின்றார். அவருக்குத் தெரிந்ததுதான் வீட்டின் கதை. இப்போது சென்னைப் பெண் நேராக அடுப்படிக்குப் போய், காவல்காரர் மனைவியிடமே பேச்சுக் கொடுக்கிறாள். "அக்கா, இந்த அண்டாவெல்லாம் எதுக்கு?" படைப்பு எப்படி நடக்கும், எந்தப் பாத்திரம் யாருடைய சீதனம், எத்தனை பேருக்கு உலை வைப்பார்கள், யாருடைய அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அந்தம்மா சொல்கிற கதை எந்த வழிகாட்டியிடமும் கிடையாது. முப்பது வருஷமாக அந்த வீட்டைப் பெருக்குகிறவர்கள் அவர்கள். அதுவரை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். சில விடுதிகள் இதைக் கவனித்து, பலகாரம் சுடுவதையும் கோலம் போடுவதையும் அந்தப் பெண்களையே நடத்தச் சொல்லிச் சம்பளமும் தருகின்றன. எல்லோரும் தருவதில்லை.

ஆத்தங்குடி வேறு வகை. அங்கே பெரிய வீட்டை டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே தரைக்கல் (டைல்) போடும் பட்டறைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர்க் கரைசலை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே சிமெண்டும் ஊர் மணலும் கலந்து அமுக்கி, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்தால் கண்ணாடி கழன்று பளபளப்பு தெரியும். சூளை கிடையாது, மெஷின் கிடையாது. இங்கே வந்தவர்களில் பட்டறையை மாற்றியவர்கள் பயணிகளை விடக் கட்டடக் கலைஞர்கள்தான். பழைய சிவப்பும் பச்சையும் மஞ்சளும் போதாது என்று சாம்பல் நிறம் கேட்டார்கள், வெளிர் நீலம் கேட்டார்கள், போனில் ஒரு படத்தைக் காட்டி இந்த மாதிரி அச்சு செய்ய முடியுமா என்றார்கள். முடிந்தது. இன்றைக்குப் பெங்களூர் காபிக் கடைத் தரையில் ஆத்தங்குடிக் கல்லைப் பார்க்கலாம், ஆனால் அந்த நிறத்தில் ஆத்தங்குடியில் ஒரு வீடும் இருக்காது. அது கெட்டுப்போனதாக நான் எண்ணவில்லை. எங்கள் பாட்டன்மார் ஜப்பான் கல்லையும் இத்தாலி மார்பிளையும் பெல்ஜியம் கண்ணாடியையும் ஒரே சுவருக்குள் வைத்தவர்கள். அவர்கள் முன்னால் தூய்மை பேசினால் சிரிப்பார்கள்.

கண்டாங்கிச் சேலையிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு தேடி வருகிறவர்கள் அதிகம் இளம்பெண்கள். அரக்கும் கடுகு மஞ்சளும் வேண்டும், ஆனால் துணி கனமில்லாமல் வேண்டும். நெசவாளர் நூலை மாற்றினார். கொட்டான் என்ற ஓலைக் கூடையை விசாலாட்சி ராமசாமி தன் அறக்கட்டளை மூலம் மீட்டபோது, சீர் கொடுக்கும் கொட்டான் பரிசுப் பொட்டலமானது இதே வகை மாற்றம்.

ஒரு கேள்விக்கு மட்டும் நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அளக்க வருவார்கள். எல்லோரும் தூணைப் படம் பிடிக்கும் நேரத்தில் ஒரு பெண் தெருவில் குனிந்து நின்று, "மழை பெய்தா இந்தத் தண்ணி எங்கே போகும்?" என்று கேட்டாள். நாட்டு ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்துக்கு இறங்கி, முற்றத்திலிருந்து தெருவுக்கு வந்து, தெருவின் சரிவில் ஓடி ஊருணியில் சேரும். இந்த ஊர்கள் கட்டம் போட்டு அமைத்ததே அந்தச் சரிவை வைத்துத்தான். சின்ன வயதில் ஊருணியில் குடம் நிரப்பிய தலைமுறைக்கு இது பாடமே கிடையாது. நாங்கள் அன்றைக்கு அந்தத் தண்ணீர் போகும் வழியிலேயே நடந்தோம். பாதி வழியில் வரத்துக்காலை மறித்து ஒரு காம்பவுண்டுச் சுவர். இப்போது நண்பரின் நடைப்பயணத்தில் ஊருணியும் சேர்ந்துவிட்டது, சுவரும் சேர்ந்துவிட்டது. சுவரைக் காட்ட வேண்டாம் என்று ஊரில் ஒருவர் கேட்டுக்கொண்டார். நாங்கள் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்படிக் கற்றது எங்கே சேர்கிறது என்பதில்தான் எனக்கு மனக்குறை. வழிகாட்டிக்குத் தெரிந்தது வழிகாட்டியோடு, சமையல்காரருக்குத் தெரிந்தது அடுப்படியோடு. ஒரு விடுதி இன்னொன்றுக்குச் சொல்லாது. மதுரையிலிருந்து வருகிற டாக்சி டிரைவருக்கு எந்தக் கடையில் கமிஷன் கிடைக்கும் என்ற அறிவு மட்டும் எல்லோரிடமும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது. பங்காளிகள் முப்பது பேர் உள்ள வீட்டில் ஒருவர் கையெழுத்து போடாவிட்டால் கூரை ஓடு மாற்ற முடியாது. அந்தச் சிக்கலைத் தீர்த்து வீட்டைத் திறந்த குடும்பங்கள் எப்படித் தீர்த்தன என்பது, மற்ற வீட்டுக்காரர்களுக்கு எந்தப் பயிற்சி முகாமை விடவும் உதவும். அதைக் கேட்க எந்த விருந்தாளியும் வர மாட்டார். நாங்கள்தான் கேட்க வேண்டும்.

வருகிறவர்களில் இன்னும் ஒரு பிரிவு இப்போது கூடுகிறது. மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் மூன்றாவது, நான்காவது தலைமுறை. தாத்தா வீட்டைப் பார்த்தாகிவிட்டது, கோயிலில் அர்ச்சனை ஆகிவிட்டது. அதற்கடுத்து அவர்கள் கேட்பது வீட்டைப் பற்றியதில்லை: "கொள்ளுத்தாத்தா அங்கே கடையில் உட்கார்ந்து நாள் முழுக்க என்ன செய்வார்?" கடை என்றால் வட்டிக்கடை. மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பல் ஏறிப் போனது, வட்டிக்கடைக்காரர்கள் பலர் ஒன்றாகத் தொழில் செய்து தங்கிய கட்டடமான கிட்டங்கியில் தங்கியது, கீழ்நிலை வேலையான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாகி மேலாளானது, நடப்பு வட்டி, தவணை வட்டி. இந்தத் தேக்கும் மார்பிளும் எதிலிருந்து வந்ததோ அதைப் பற்றிக் கேட்டால் எங்களில் ஒருவருக்கும் நாலு வாக்கியத்துக்கு மேல் வராது. கடன் வாங்கி நிலத்தை இழந்த பர்மாக்காரன் பக்கத்துக் கதையும் அதில் உண்டு. அது எங்கள் சுற்றுலாவில் இன்னும் நுழையவே இல்லை.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். சின்ன வயதில் சிங்கப்பூர்க் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். போன மாதம் நண்பரும் நானும் போய், உங்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டோம். ஒத்துக்கொண்டார். "கதைன்னா போன்ல புடிச்சுக்கங்க தம்பி. வட்டிக் கணக்கு வாயால சொன்னா வௌங்காது. நீளக் கணக்கு நோட்டா ரெண்டு வாங்கிட்டு வந்துருங்க, கட்டம் போட்டது வேணாம்" என்றார். அந்த மாதிரி நோட்டு காரைக்குடியில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.